ஷாக் அப்சார்பர் மாற்றுகிறீர்களா? அந்த ராடைத் தொடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தம்பி தன் பழைய ஸ்விஃப்டின் முன்பக்க ஸ்ட்ரட்டுகளை, அதாவது ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தாங்கும் ஷாக் அப்சார்பர்களை, வாசலில் வைத்தே மாற்றிக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்கப் போன நான், அவன் கையில் வைஸ் கிரிப் பிளையரைக் கண்டதும் காபி டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு ஓடினேன். பல வருடங்களுக்கு முன் அதே கருவியை அதே இடத்தில் வைத்துக் காசை இழந்தவன் நான்.

ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்புவது, ஸ்பிரிங்கை அமுக்காமல் மேலே உள்ள நடு நட்டைக் கழற்றுவது ஆகிய தவறுகளை இங்கே விளக்கப்போவதில்லை, மற்ற தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். இந்த அளவுக் காரில் முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 கிலோ சுமக்கிறது. அது திடீரென்று விடுபட்டால் என்ன ஆகும் என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும் என்பவர் பேசாமல் பட்டறைக்குப் போய்விடலாம்.

ராடைக் கவ்விப் பிடிப்பது

புது ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங், அதன் தலையை வண்டி உடம்போடு இணைக்கும் மவுண்ட் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மேல் நட்டை இறுக்க வேண்டியதுதான் பாக்கி. ஸ்பேனரைத் திருப்பினால் நட்டோடு, ஸ்ட்ரட்டுக்குள் போய் வரும் ராடும் சேர்ந்து சுற்றுகிறது. பொறுமை போகிறது. டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, பளபளவென்று தெரியும் ராடைப் பிளையரால் கவ்வுகிறோம். நட்டு இறுகிவிடுகிறது. வேலை முடிந்த திருப்தியோடு கை கழுவப் போகிறோம்.

அந்த ராடின் மேல் இருப்பது கடினமான குரோம் பூச்சு. அது அழகுக்காகப் பூசியதல்ல. ஸ்ட்ரட்டின் வாயில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. உள்ளே உள்ள எண்ணெயைக் காப்பது அதன் மெல்லிய உதடுதான். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் ராடு அந்த உதட்டை உரசிக்கொண்டு போய் வருகிறது. கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. பிளையரின் பல் பதிந்த இடமோ அரம். சீலை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பிறகு எண்ணெய் கசியும், ஷாக் தன் வேலையை விட்டுவிடும், ஸ்பிரிங் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

எனக்கு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. வேகத்தடை ஏறி இறங்கினால் இடது பக்கம் மட்டும் படகுபோல ஆடியது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஸ்ட்ரட் உடம்பெல்லாம் எண்ணெயும் புழுதியும் அப்பியிருந்தன. சரக்கு சரியில்லை என்று சண்டை போடும் எண்ணத்தோடுதான் கடைக்கு எடுத்துப்போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ராடைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை மெல்ல மேலே ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டி நின்றது. என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். வாரண்டி பேச்சு அதோடு முடிந்தது. ஒரு ஸ்ட்ரட் மறுபடி வாங்கினேன், ஸ்பிரிங் கம்ப்ரஸருக்கு மறுபடி வாடகை, சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டுக்கு மறுபடி காசு, இன்னொரு ஞாயிறும் போயிற்று. நினைத்தால் இன்றும் எரிகிறது.

"துணி சுற்றித்தான் பிடிக்கப் போகிறேன் அண்ணா" என்றான் தம்பி. நானும் அன்று துணி சுற்றியவன்தான்! பிளையரின் அழுத்தத்தில் பல் துணியைத் தாண்டிவிடும். தாண்டாவிட்டாலும் துணியில் ஒட்டிய மணல் போதும்.

ராடின் உச்சியைப் பாருங்கள். ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழியோ, ஸ்பேனர் பிடிக்க இரண்டு தட்டைப் பக்கங்களோ இருக்கும். அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். நேரமாகும், கை வலிக்கும். வேறு வழியில்லை. இம்பாக்ட் ரெஞ்சும் வேண்டாம், அது ராடைச் சீலுக்குள் வைத்தே பம்பரமாகச் சுழற்றிவிடும். எண்ணெய் மட்டும் நிரப்பிய ஸ்ட்ரட்டில் ராடு தானாக உள்ளே இறங்கிவிடுவதும் உண்டு. நட்டை நாலு சுற்று ஏற்றி, அந்த நட்டைப் பிடித்து மேலே இழுங்கள்.

பழைய மவுண்டையே மாட்டுவது

லட்சம் கிலோமீட்டர் ஓடிய ரப்பரையும் பேரிங்கையும் புது ஸ்ட்ரட்டின் தலையில் வைப்பது கஞ்சத்தனம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டொக்" என்ற சத்தம் அப்படியே இருக்கும். மவுண்டுக்காக எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டிவரும். ராடில் மாட்டியிருக்கும் மெத்தையான பம்ப் ஸ்டாப்பும் அப்படித்தான், விரலால் கிள்ளினால் உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

கூடாது.

பிரேக் ஹோஸில் பாரம் தொங்கவிடுவது

ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஒரு கம்பி போதும், கட்டிவையுங்கள்.

பின்பக்கத்தைத் தொங்கும் நிலையில் இறுக்குவது

பின்பக்க ஷாக்கின் கீழ்க்கண்ணில் ரப்பர் புஷ் இருக்கிறது. சக்கரம் காற்றில் தொங்கும்போது அந்த போல்ட்டை முழுதாக இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். கையால் இறுகும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிட்டு, அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கிய பின் முழு இறுக்கம் கொடுங்கள். முன்பக்கம் ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே ரப்பர் கிடையாது.

அலைன்மென்ட்டைத் தள்ளிப்போடுவது

அந்த இரண்டு போல்ட்டுகளின் துளையில் உள்ள சிறு இடைவெளியே சக்கரத்தின் சாய்வை மாற்றிவிடும். ஸ்டீயரிங் நேராகத்தானே இருக்கிறது என்று நான் ஒருமுறை விட்டேன். முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்து, வெளியே புதிதுபோல இருந்தன. தம்பி அன்று மாலையே போய்ச் செய்துவிட்டு வந்தான். என் காபிதான் சுவரிலேயே ஆறிப்போயிருந்தது.