ஏற்காடு ஏறும் வண்டிக்கு எந்த ஆயில்?

சேலம் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கத்து உதிரிபாகக் கடைகளில் சிறிது நேரம் நின்றால், "மலைக்குப் போற வண்டிங்க, நல்லா கெட்டியான ஆயிலா குடுங்க" என்று யாராவது கேட்பது காதில் விழும். மலை ஏறும்போது என்ஜின் சூடாகும், சூட்டில் ஆயில் இளகும், ஆகவே கெட்டியானது நல்லது என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பல ஆண்டுகளாக வாரம் ஒருமுறையேனும் இந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவன் என்ற முறையில், ஆயிலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். காரில் என்ஜினுக்கு ஓர் ஆயிலும் கியர் பெட்டிக்கு வேறோர் ஆயிலும் ஊற்றுகிறோம். அதன் கிளட்ச் ஆயில் படாமல் உலர்ந்த நிலையில் வேலை செய்கிறது. இன்று நாம் ஓட்டும் மோட்டார் சைக்கிள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் என்ஜின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. பிஸ்டனுக்கு வழுவழுப்பு வேண்டும். கியர் பற்களின் நசுக்கலைத் தாங்கும் வலு வேண்டும். கிளட்ச் பிளேட்டுகளோ ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இந்தத் தேவைகளை ஒரே திரவம் நிறைவேற்ற வேண்டியிருப்பதால்தான் மோட்டார் சைக்கிளுக்கு என்று தனி ஆயில் இருக்கிறது.

டின்னின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற எண்கள் ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிப்பவை. டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருக்க இருக்க, குளிரில் ஆயில் எளிதாக ஓடும். பின்னால் உள்ள எண், 100 பாகை செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மையைச் சொல்கிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. முன் எண்ணுக்கான சோதனைகள் உறைநிலைக்கு வெகு கீழே நடப்பவை என்பதால், மார்கழிக் குளிரிலும் உறைநிலையைத் தொடாத ஏற்காட்டில் அந்த எண்ணை நினைத்துப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது பின் எண்.

அந்தப் பின் எண்ணை முடிவு செய்யும் உரிமை வண்டியைச் செய்தவருக்கே உரியது. 100 சிசி, 110 சிசி வகை வண்டிகள் பலவற்றின் என்ஜின்கள் 10டபிள்யூ-30 ஆயிலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் ஆயில் பம்ப் சிறியது, ஆயில் செல்லும் வழிகளும் குறுகலானவை. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் கேமுக்கு ஆயில் போய்ச்சேரத் தாமதமாகும். கெட்டியான ஆயிலைக் கலக்கிக்கொண்டே ஓடுவதில் என்ஜினின் ஆற்றல் வீணாகி மைலேஜும் குறையும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, சூட்டைச் சுமந்து வந்து வெளியேற்றுவது ஆயிலின் ஓட்டமே என்பது. ஓட்டம் மந்தமானால், எந்தச் சூட்டுக்கு அஞ்சிக் கெட்டியான ஆயிலைக் கேட்டோமோ அந்தச் சூடு கூடத்தான் செய்யும். அதுபோலவே, 20டபிள்யூ-50 கேட்கும் வண்டிக்கு 10டபிள்யூ-30 ஊற்றுவதும் தவறு. சில வண்டிகளின் கையேட்டில் வெளிவெப்ப நிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று வகைகளை அனுமதிக்கும் அட்டவணை இருக்கும். அப்படி இருந்தால், சேலத்து வெயிலிலும் மலைப்பாதையிலும் ஓடும் வண்டிக்கு அந்த வரம்புக்குள் கெட்டியானதை எடுத்துக்கொள்ளலாம். வரம்பைத் தாண்டக் கூடாது. தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு மட்டும் ஒரு படி கெட்டியானதை ஊற்றிச் சில காலம் ஓட்டலாம். அதுவும் என்ஜினைப் பழுது பார்க்கும் வரைக்கான தற்காலிக ஏற்பாடுதான்.

இதைவிட முக்கியமானது டின்னின் பின்பக்கத்தில் சிறிய கட்டத்துக்குள் இருக்கும் ஜாசோ (JASO) முத்திரை. கார் ஆயில்களில் எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருட்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, அவை மோட்டார் சைக்கிள் கிளட்சை வழுக்கச் செய்தன. அதனால் 1998-இல் ஜப்பானில் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென்று இந்தத் தனித் தர அளவு உருவாக்கப்பட்டது. எம்.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது, எம்.ஏ.2 அந்த வகையிலேயே கிளட்ச் பிடிப்பு கூடுதலாக உள்ளது. எம்.பி. என்றால் உராய்வு குறைந்த ஆயில்; கிளட்ச் ஆயிலில் நனையாத கியர் இல்லா ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தும். ஸ்கூட்டரில் எம்.ஏ. ஊற்றினால் பெரிய கேடு ஒன்றும் வராது. மோட்டார் சைக்கிளில் எம்.பி. ஊற்றினால்தான் சிக்கல்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். வீட்டில் காருக்கு வாங்கி மீந்திருந்த விலை உயர்ந்த 5டபிள்யூ-30 சிந்தெட்டிக் ஆயிலை, நல்ல ஆயில்தானே என்று நம்பி என் வண்டிக்கு ஊற்றினேன். சமவெளியில் ஒன்றும் தெரியவில்லை. அடிவாரம் கடந்து ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும், ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி முன்னே போக மறுக்கிறது. பின்னால் பேருந்து, பின்னிருக்கையில் என் தாயார். ஓரங்கட்டி நிறுத்தி, சூடு ஆறும் வரை காத்திருந்து, மெதுவாக இறங்கி வந்தோம். ஆயிலை மாற்றிய பிறகும் வழுக்கல் முழுவதும் நிற்காததால் கிளட்ச் பிளேட்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே விலையையும் பெயரையும் பார்ப்பதற்கு முன் ஜாசோ கட்டத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். உராய்வைக் குறைக்கும் என்று தனியாக விற்கப்படும் கலவைகளை ஆயிலோடு சேர்ப்பதும் அதே காரணத்தால் கூடாது.

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தைக் குறிக்கும் ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எஸ்.எல்., எஸ்.என். போன்றவை பெட்ரோல் என்ஜின் ஆயிலின் தரவரிசை, எஸ்.எல். 2001-இலும், எஸ்.என். 2010-இலும், எஸ்.பி. 2020-இலும் வந்தவை. கையேட்டில் சொன்னதற்குச் சமமானதோ புதியதோ இருந்தால் போதும், ஆனால் ஜாசோ முத்திரையும் சேர்ந்திருக்க வேண்டும். மினரல் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தது), செமி சிந்தெட்டிக் (இரண்டும் கலந்தது), சிந்தெட்டிக் (வேதிமுறையில் உருவாக்கியது) என்ற வேறுபாட்டில், ஊருக்குள் மட்டும் ஓடும் சிறிய வண்டிக்கு மினரலே போதும். தினமும் மூட்டையோ ஆளோ ஏற்றிக்கொண்டு மலை ஏறுபவர்களுக்குச் செமி சிந்தெட்டிக்கோ சிந்தெட்டிக்கோ செலவுக்குத் தகுந்த பலன் தரும். சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் ஏற்காட்டுக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகள் வழியாக இரண்டாம் மூன்றாம் கியரிலேயே ஏறும்போது, காற்றால் குளிரும் என்ஜினைச் சுற்றியுள்ள இறக்கை போன்ற தகடுகள் மீது வேண்டிய அளவு காற்று படுவதில்லை. அந்த நீண்ட சூட்டில் கெட்டுப்போகாமல் இருப்பதில் சிந்தெட்டிக் வகை மேலானது.

ஆனால் எந்த ஆயிலாக இருந்தாலும் அளவு குறைந்துவிட்டால் பயனில்லை, மலை வண்டிகள் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கியரில் வைத்து என்ஜின் பிடிப்பில் மலை இறங்கும்போது ஆக்சிலேட்டர் மூடியிருக்க என்ஜின் வேகமாகச் சுழல்வதால் உள்ளே உறிஞ்சல் கூடி, தேய்ந்த ரிங் வழியாகவும் வால்வு சீல் வழியாகவும் ஆயில் மேலேறி எரிந்துபோகிறது. அதற்காக நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது உயிருக்கே ஆபத்து. மாறாக, வாரம் ஒருமுறை சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இன்னும் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு பாருங்கள். குச்சியைத் திருகி அளக்க வேண்டுமா, வெறுமனே செருக வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்.

ஆயில் கருத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. கரியைத் தன்னுள் வாங்கி வைத்திருப்பது அதன் வேலைகளுள் ஒன்று. மாற்றும் தூரத்தைக் கையேடு சொல்லும். அடிக்கடி மலை ஏறுபவர்களும், சேலத்து மேக்னசைட் சுரங்கப் பகுதிகளின் தூசியில் ஓட்டுபவர்களும் அந்தத் தூரத்துக்கு முன்பே மாற்றுவது நல்லது; தூசியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரையும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். ஏற்காட்டிலேயே குடியிருந்து, வீட்டிலிருந்து ஏரி வரைக்கும் கடைத்தெரு வரைக்கும் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. குறைந்த தூரத்தில் என்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் தங்கி, ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற வெண்மையாகப் படிகிறது. இவர்கள் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதக் கணக்கை வைத்து மாற்ற வேண்டும். இடையிடையே ஒரு நீண்ட ஓட்டமும் ஓட்ட வேண்டும்.

வாங்கும்போது மூடியின் சீல், அதனடியில் உள்ள தகடு, தயாரித்த மாதம் ஆகியவற்றைப் பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள். காலி டின்னில் மட்டமான ஆயிலை நிரப்பி விற்பவர்கள் இருப்பதால், ஆயிலை ஊற்றி முடித்ததும் டின்னை ஆணியால் குத்தியோ வெட்டியோ போடுங்கள். ட்ரெய்ன் போல்ட்டின் வாஷரையும், கையேடு சொன்னால் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ காப்பித் தோட்டத்து ஓடையிலோ கொட்டாமல், ஒரு பழைய கேனில் சேர்த்து, அதை மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.