ஒரு போனும் ஒரு வகுப்பும்: தோட்டப் பாடசாலையில் தொழில்நுட்பத்தோடு பாடம் எடுப்பது எப்படி?

பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்துவிட்டு, மூன்றாம் வருடக் கட்டுறுப் பயிற்சிக்காக, அதாவது ஒரு பாடசாலையில் பாடம் எடுத்துப் பழகுவதற்காக, இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தோட்டப் பாடசாலைக்கு வந்திருக்கிறேன். இன்னும் முழு ஆசிரியை ஆகவில்லை. ஆனாலும் கல்லூரியில் எனக்குப் பின்னால் படிக்கிற தம்பி தங்கைகள் ஒரு கேள்வியை விடாமல் கேட்கிறார்கள்: "அக்கா, அங்க புரொஜெக்டரும் இல்ல, சிக்னலும் இல்ல. அப்புறம் டெக்னாலஜி வச்சு எப்படிப் பாடம் எடுக்கிறது?" இது அவர்களுக்காக.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் தொழில்நுட்பம் என்றதும் நமக்குத் திரைதான் ஞாபகம் வருகிறது. திறன்பலகை, புரொஜெக்டர், வீடியோ. இவை எதுவும் இல்லாத இடத்தில் கையிலிருக்கும் போனின் சின்னத் திரையை முப்பது பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டினால், முன்வரிசையில் நாலு பேர் பார்ப்பார்கள், மற்றவர்கள் பெஞ்சில் ஏறுவார்கள். அதே போனில் கமரா இருக்கிறது, மைக் இருக்கிறது, நிறுத்தற்கடிகாரம் இருக்கிறது, டோர்ச் இருக்கிறது. விஞ்ஞான ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் இவை நான்கும் ஆய்வுகூட உபகரணங்கள். ஆகவே போனை எதையாவது போட்டுக்காட்டும் பெட்டியாக எண்ண வேண்டாம். வெளியில் இருப்பதைப் பார்க்கவும் கேட்கவும் அளக்கவும் அதை எடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு எண்ணத்தில்தான் போகிறது.

முதல் வாரம்: கட்டடத்தைப் படியுங்கள்

பாடசாலைக்குப் போனவுடன் செயலிகளைத் தேடாதீர்கள். கட்டடத்தைச் சுற்றிப் பாருங்கள். பிளக் எந்த அறையில் இருக்கிறது, அதில் கரண்ட் வருகிறதா, டீவி இருந்தால் அதில் பென்ட்ரைவ் போடும் துளை வேலை செய்கிறதா, கணினி அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். சாவி வைத்திருப்பவர் லீவு போட்ட நாளில் நல்ல பாடக்குறிப்பு ஒன்று வீணாகிவிடும். சில இடங்களில் நன்கொடையாக வந்த உபகரணம் பழுதாகிவிடும் என்ற பயத்திலேயே அலமாரியில் கிடக்கும். அதிபரிடம் சண்டை வேண்டாம். ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு அவர் முன்னாலேயே எடுத்து, இயக்கி, துடைத்து, திருப்பி வைத்துக் காட்டுங்கள். அடுத்த முறை சாவி தானாக வரும்.

இரண்டாவது, கூரையைப் பாருங்கள். தகரக் கூரை என்றால் தென்மேல் பருவ மழைக் காலத்தில் ஸ்பீக்கர் வெறும் பாரம்தான். மழை விழத் தொடங்கினால் நம் குரலே கேட்காது, வீடியோவின் குரல் எங்கே கேட்கப் போகிறது? அதனால் நான் தெரிவு செய்யும் வீடியோக்கள் எல்லாம் சத்தம் இல்லாமலும் புரியக்கூடியவை. விளக்கத்தை நான் பலகையில் எழுதிக்கொள்வேன். மூன்று வகுப்புகளைத் தட்டி வைத்துப் பிரித்த ஒரே மண்டபமாக இருந்தாலும் இதே யோசனைதான் நல்லது. நம் ஸ்பீக்கர் சத்தம் பக்கத்து வகுப்பின் கணக்குப் பாடத்தில் போய் விழும். அந்த ஆசிரியை ஒரு வருடம் முழுக்க நம்மோடு தேநீர் குடிக்கப் போகிறவர்.

இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது நான் மாணவி. சிக்னல் தேடித் தேயிலை மலைக்கு மேலே ஏறி நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டுக்கும் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி, பாடம் நடக்கும் நேரத்தில் இணையத்தை எதிர்பார்க்கக்கூடாது என்பது.

சனி, ஞாயிறில் டவுனுக்குப் போகும்போது தேவையானதை இறக்கிக்கொள்ளுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களும், தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகளும் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002இலிருந்து நடத்திவரும் ஃபெட் என்ற தளத்தில், மின்சுற்று, ஒளி, விசை போன்றவற்றுக்கு விரலால் இழுத்து இயக்கக்கூடிய மாதிரிகள் இலவசமாக இருக்கின்றன. பலவற்றைத் தமிழிலும் தெரிவு செய்யலாம். கோப்பாக இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். பாடசாலையில் ஒரே ஒரு பழைய கணினி இருந்தாலும் ஐந்தைந்து பேராக உட்கார்ந்து மின்சுற்றுக் கட்டிப் பார்க்கலாம். மற்ற குழுக்கள் அந்த நேரத்தில் உண்மையான டோர்ச் பற்றரியும் வயரும் பல்பும் வைத்து அதையே செய்யட்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

யூடியூப் வீடியோ இறக்குவதானால் ஒரு எச்சரிக்கை. தமிழ் வீடியோக்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்யப்பட்டவை. அங்கே ஒளிச்சேர்க்கை என்பார்கள், நம் பாடநூலில் ஒளித்தொகுப்பு. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். வீடியோ போடுவதற்கு முன் நம் சொற்களைப் பலகையில் எழுதி வைத்துவிடுங்கள். பரீட்சையில் பிள்ளை எழுத வேண்டியது அதைத்தான்.

கொழுந்தின் மயிரைப் பார்ப்பது

இனி உண்மையான வேலை. இலையின் அமைப்பு பற்றிய பாடத்துக்கு இலைப் படம் போட்ட வீடியோ எதற்கு? ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்க இலைதான். பிள்ளைகளின் அம்மாமார் நாள் முழுக்கத் தொடுவதும் அதைத்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. தேயிலை மொட்டின் மேலும், இளங்கொழுந்தின் அடிப்பக்கத்திலும் வெள்ளி நிறத்தில் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். இதைப் பார்க்க நுணுக்குக்காட்டி தேவையில்லை.

போனைத் திரை மேலே தெரிய மேசையில் தட்டையாக வையுங்கள். முன் கமராவை இயக்குங்கள். குண்டூசி நுனியால் ஒரு சிறு துளித் தண்ணீரை எடுத்து, கமராக் கண்ணின் மேல் மட்டும் வையுங்கள். பக்கத்தில் காது கேட்கும் துளை இருக்கிறது, தண்ணீர் அதற்குள் போகக்கூடாது. ஆகவே துளி சிறிதாக இருக்கட்டும், போனைச் சரிக்க வேண்டாம். இப்போது அந்தத் துளி ஒரு வில்லையாக வேலை செய்கிறது. கொழுந்தை அதற்குச் சில மில்லிமீற்றர் மேலே பிடித்து, மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முன் கமராக்கள் பலவற்றில் குவியத்தை நாம் மாற்ற முடியாது, எனவே இலைதான் நகர வேண்டும். ஓர் இடத்தில் திடீரென்று தெளியும். பக்கவாட்டில் இன்னொரு டோர்ச் வெளிச்சம் விழுந்தால் மயிர் பளிச்சென்று தெரியும். உடனே படம் எடுத்துவிடுங்கள், துளி வற்றிவிடும்.

பிறகு பிள்ளைகள் ஐவர் ஐவராக வந்து படத்தைப் பார்த்துக் கொப்பியில் வரையட்டும். வரையாவிட்டால் "சூப்பர் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், பார்த்தது நிற்காது. முற்றிய இலை ஒன்றையும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அதில் அந்த மயிர் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும். ஏன் இளசில் மட்டும் இருக்கிறது என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். கேட்கும் வரை காத்திருங்கள்.

மலையின் தூரத்தைக் கைதட்டி அளப்பது

ஒலி பற்றிய பாடத்துக்கு மலையகத்தைப் போல வசதியான இடம் கிடையாது. எதிரொலி நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது. எதிரே வெறும் பாறை முகமோ தொழிற்சாலையின் உயர்ந்த சுவரோ இருக்கும் இடமாகத் தேடுங்கள். செடி அடர்ந்த சரிவு ஒலியைச் சிதறடித்து உள்ளே வாங்கிக்கொள்ளும், அங்கே சரியாகக் கேட்காது. 17 மீற்றருக்குக் குறைவான தூரமும் உதவாது. நம் காதுக்கு இரண்டு ஒலிகள் தனித்தனியாகக் கேட்க ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கன் இடைவெளி வேண்டும்.

ஒலிப்பதிவுச் செயலியை இயக்குங்கள். ஒலியை அலைக்கோடாகக் காட்டும் செயலியாக இருக்க வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது எதிரொலியையும் இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். ஒரு பிள்ளை இரண்டு பலகைத் துண்டுகளை ஒரே ஒருமுறை பலமாக அடிக்கட்டும். மற்றவர்கள் மூச்சுக் காட்டக்கூடாது. இதுதான் இந்தச் சோதனையில் கஷ்டமான பகுதி. காலையில் கொழுந்து லொறி வருவதற்கு முன், காற்றில்லாத நேரத்தில் செய்வது நல்லது. காற்று இருந்தால் மைக்கின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பதிவில் ஒரு பெரிய மேடும் சற்றுத் தள்ளி ஒரு சின்ன மேடும் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள நேரத்தைப் படியுங்கள். போன் திரையில் துல்லியமாகப் படிக்க முடியாவிட்டால் பதிவைக் கணினியில் ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து பெரிதாக்கிப் பார்க்கலாம். வளியில் ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர். ஒவ்வொரு பாகை குறையும்போதும் ஏறத்தாழ 0.6 மீற்றர் குறையும். நம் மலைக் காலையில் 15 பாகை என்று வைத்தால் 340. மேடுகளுக்கு இடையில் அரைச் செக்கன் இருந்தால் ஒலி 170 மீற்றர் ஓடியிருக்கிறது. அது போய்த் திரும்பிய தூரம், ஆகவே பாறை 85 மீற்றரில் இருக்கிறது. பாதியாக்க வேண்டும் என்பதைப் பாதி வகுப்பு மறக்கும். திருத்த அவசரப்படாதீர்கள். சுவர் வரை நடந்து போகக்கூடிய இடமென்றால் கயிறு பிடித்து அளந்துவரச் சொல்லுங்கள். இரண்டு மடங்காக வந்த குழு தானே திரும்பிவந்து கணக்கைப் பார்க்கும்.

இந்தப் பாடத்தில் யாரும் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் போன் இல்லாமல் அந்த அரைச் செக்கனைப் பிடித்திருக்க முடியாது.

வீட்டுப் போன் யாருடைய போன்?

வட்ஸ்அப் குழு தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள்: வீட்டில் போன் இருக்கிறதா, பகலில் அது யாரோடு போகிறது? அம்மாவோடு மலைக்குப் போகும், அல்லது கொழும்பில் வேலை செய்யும் அப்பாவிடம் இருக்கும். பிள்ளையின் கைக்கு அது வருவது இருட்டிய பிறகுதான், அதுவும் டேட்டா மிஞ்சியிருந்தால். அதனால் நான் வீடியோ அனுப்புவதில்லை. ஒரு படம், ஒரு நிமிடத்துக்குள் ஒரு குரல் பதிவு, அவ்வளவுதான். எழுத்தைவிடக் குரல் நல்லது, வாசிக்கப் பழகாத பாட்டிமாரும் கேட்டுவிட்டுப் பேத்தியிடம் "டீச்சர் என்னமோ பயறு முளைக்கப் போடச் சொல்றாங்க" என்று சொல்வார்கள். போன் இல்லாத பிள்ளைக்கு அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யார் சொல்வது என்பதை வகுப்பிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் வந்த வேலைக்குப் புள்ளி போடவே வேண்டாம். போட்டால் நாம் அளப்பது பிள்ளையின் படிப்பை இல்லை, வீட்டுப் போனில் போடும் ரீலோட் காசை.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைக் குழுவிலோ பேஸ்புக்கிலோ போடுவதும் வேண்டாம். கை, கொப்பி, இலை தெரிந்தால் போதும். வாசிப்பைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவது மிக நல்ல பயிற்சி. தன் குரலைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை நிறுத்தக்குறியில் நிற்கும். கேட்டு முடிந்ததும் அதன் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

சாட்ஜிபிடி பற்றியும் கேட்கிறார்கள். வினாக்கொத்துத் தயாரிக்க, ஒரு கதையை இலகுவாக்க நான் பயன்படுத்துகிறேன். பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்த பிறகுதான் வகுப்புக்குக் கொண்டுபோவேன். தமிழில் அது தப்பையும் மிக அழகாக எழுதும்.

பாடக்குறிப்பில் ஒரு கூடுதல் வரி

மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வரும் நாளில் மட்டும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பயிற்சியில் வழக்கமான காட்சி. அதற்குப் பதிலாக, எல்லா நாளும் பாடக்குறிப்பில் சாதனங்கள் எழுதும் இடத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: "கரண்ட் இல்லாவிட்டால்". எதிரொலிப் பாடத்துக்கு அந்த வரியில் நான் எழுதியிருப்பது, போனை முதல் நாள் இரவே சார்ஜ் போட்டுவிடுவது, மழை வந்தால் மேசையில் காதை வைத்து மறுமுனையில் தட்டுவதைக் கேட்கும் சோதனைக்கு மாறுவது. இலைப் பாடத்துக்கு, தமிழாசிரியரிடமிருந்து கைவில்லை ஒன்றை இரவல் வாங்குவது. அவர் அகராதி வாசிக்க வைத்திருக்கிறார். அந்த வரிக்கு எதுவும் எழுதத் தோன்றாத பாடமென்றால், அதை வேறு விதமாகத் திட்டமிடுங்கள்.