வியன்னாவில் படிக்கும் மாணவர் வார இறுதியைத் திட்டமிடும் முறை

வியன்னாவுக்குப் படிக்க வரும் மாணவர் பாடவேளை அட்டவணைக்கு முன்பாகவே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நகரத்தின் கடைகள் மூடிவிடும். ஆஸ்திரியாவின் கடைத் திறப்பு நேரச் சட்டப்படி, ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாள்களும் வணிகத்துக்கு உரியவை அல்ல. மளிகைக் கடை, துணிக்கடை, செல்பேசிக் கடை எல்லாமே திங்கள் காலையில்தான் மீண்டும் திறக்கும். இரவு பத்து மணிக்கும் தெருமுனை அண்ணாச்சி கடையில் தயிர் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு முதல் சில வாரங்களில் எரிச்சலூட்டும். ஆனால் இதை ஏற்றுக்கொண்டு திட்டமிடத் தொடங்கிவிட்டால், சனிக்கிழமையின் முற்பகுதியைத் தேவைகளுக்கும் எஞ்சிய நேரத்தை ஊரைப் பார்ப்பதற்கும் ஒதுக்குவது இயல்பாகவே அமைந்துவிடும்.

சனிக்கிழமைக் காலையில் காய்கறி வாங்கிவிடுங்கள். சுற்றுலாப் பயணிகள் குவியும் நாஷ்மார்க்ட் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், மாணவரின் பணப்பைக்கு ஏற்ற சந்தை அதுவன்று. ஒட்டாக்ரிங் பகுதியில், யு6 சுரங்க ரயில் பாதையின் யோசெஃப்ஷ்டேட்டர் ஷ்ட்ராஸே நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள புரூனென்மார்க்ட்டில் துருக்கியக் குடும்பங்கள் நடத்தும் கடைகள் பல உள்ளன. கொத்தமல்லிக் கட்டு, புதினா, கத்தரிக்காய், பச்சை மிளகாய், சிவப்புப் பருப்பு ஆகியவை அங்கே மலிவாகக் கிடைக்கும். அருகிலுள்ள இப்பென்பிளாட்ஸில் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டார உழவர்களும் கடை விரிப்பார்கள். பழைய பொருள்களில் ஆர்வம் உள்ளவர்கள் அன்று காலை நாஷ்மார்க்ட்டை ஒட்டி, யு4 பாதையின் கெட்டன்புரூக்கன்காஸே நிலையத்தின் அருகில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போகலாம். குளிர்கால மேலங்கி, சமையல் பாத்திரம், மேசை விளக்கு ஆகியவற்றைப் புதிதாக வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை பார்ப்பது நல்லது. பேரம் பேசுவதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கையில் சில்லறை நோட்டுகள் இருக்கட்டும்.

எதையாவது வாங்க மறந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஒரே பெரிய வாய்ப்பு முக்கிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் அங்காடிகள்தான். ஹௌப்ட்பான்ஹோஃப், பிராட்டர்ஷ்டெர்ன் போன்ற நிலையங்களில் அவற்றைக் காணலாம். வரிசை நீளமாக இருக்கும் என்பதை மட்டும் எதிர்பார்த்துச் செல்லுங்கள். மருந்துக் கடைகள் முறைவைத்துத் திறந்திருக்கும். எந்தக் கடை அன்று பணியில் இருக்கிறது என்பதை 1455 என்ற எண்ணில் கேட்டு அறியலாம். காய்ச்சலோ வலியோ வந்து மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்ற ஐயம் எழுந்தால் 1450 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். உயிருக்கு ஆபத்தான நிலையில் அழைக்க வேண்டிய எண் 144.

சனிக்கிழமை மாலைக்கு என் முதல் பரிந்துரை, அரசு இசைநாடக அரங்கமான ஷ்டாட்ஸ்ஓப்பரின் நிற்கும் இடங்கள். 1869ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்த அரங்கத்தில் நின்றபடியே நிகழ்ச்சி பார்ப்பதற்கான நுழைவுச்சீட்டுகளும் விற்கப்படுகின்றன; இருக்கைகளின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. கச்சேரிக்குப் பல வாரங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டியதில்லை என்பது மாணவருக்குப் பெரிய வசதி. கைப்பிடிக் கம்பியில் ஒரு கழுத்துத்துணியைக் கட்டித் தம் இடத்தைக் குறித்துக்கொள்வது இங்கே நிற்பவர்களின் நெடுநாள் வழக்கம். இது எழுதப்படாத விதி. மேலங்கியையும் முதுகுப்பையையும் பொருள் காப்பிடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். நிற்கும் இடங்களிலும் சிறிய திரைகள் பொருத்தப்பட்டிருப்பதால் பாடப்படும் வரிகளின் பொருளைப் படித்துக்கொண்டே கேட்கலாம். இசையமைப்பாளர் வாக்னரின் படைப்புகள் இடைவேளைகளையும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் நீளக்கூடும் என்பதால், முதல் முறை போகிறவர்கள் நிகழ்ச்சியின் நீளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கால்களுக்கு நல்லது. கோடையில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், அரங்கம் விடுமுறையில் இருக்கும்.

திரும்பி வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம். வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடுகிறது. 2010ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு இது. நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லாததைக் கண்டு பயணச்சீட்டு தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் எந்த நேரத்திலும் ஏறுவார்கள். ஒருமுறை செலுத்தும் தண்டத் தொகையில் பல வாரங்களுக்குச் சமைத்துச் சாப்பிடலாம். விடுதிக்குள் இரவு பத்து மணிக்கு மேல் குரலைத் தாழ்த்திப் பேசுவது கட்டாயம். சலவை இயந்திரத்தை ஞாயிறன்று பயன்படுத்தலாமா என்பது விடுதிக்கு விடுதி மாறும் என்பதால், நுழைவாயிலில் ஒட்டியிருக்கும் விதிமுறைத் தாளைப் படித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடப்பதற்கான நாள். வியன்னா மாநகராட்சி அடையாளப் பலகைகளுடன் பராமரிக்கும் நகர நடைபாதைகளில் முதலாம் எண் பாதையைத் தொடக்கமாகக் கொள்ளலாம். டி என்ற டிராம் வண்டியின் கடைசி நிறுத்தமான நுஸ்டோர்ஃபில் இறங்கி, பேத்தோவன் உலவிய ஓடைக்கரையைக் கடந்து, திராட்சைத் தோட்டங்களின் ஊடாக 484 மீட்டர் உயரமுள்ள காலன்பெர்க் குன்றை அடைந்து, மீண்டும் அதே நிறுத்தத்துக்கு இறங்கும் இந்தச் சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளம் கொண்டது. 1683ஆம் ஆண்டு உதுமானியப் படையின் முற்றுகையை உடைக்க வந்த போலந்து மன்னர் சோபியெஸ்கியின் படை இந்தக் குன்றுகளிலிருந்துதான் நகரை நோக்கி இறங்கியது. ஏற முடியாதவர்கள் ஹைலிகன்ஷ்டாட் நிலையத்திலிருந்து 38ஏ பேருந்தில் மேலே போய், இறக்கத்தை மட்டும் நடக்கலாம். பாதையில் எதிரே வருபவர் வணக்கம் சொன்னால் பதில் சொல்லுங்கள். சுரங்க ரயிலில் முகம் பார்க்காத அதே மனிதர்கள் மலைப்பாதையில் முதலில் வாழ்த்துவார்கள். அது ஏன் என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

இறங்கும் வழியில், வாயிலில் பசுங்கிளை தொங்கும் வீடுகள் தென்படும். தம் தோட்டத்துத் திராட்சை மதுவைத் தாமே விற்கும் ஹொய்ரிகர் கடைகள் அவை. 1784இல் பேரரசர் இரண்டாம் யோசெஃப் அளித்த உரிமையின் தொடர்ச்சி. மது அருந்தாதவர் சோடா கலந்த திராட்சைச் சாறு கேட்டு மணிக்கணக்கில் அமரலாம். சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வியன்னா முறை உருளைக்கிழங்கு சாலட்டிலும் தெளிவான சூப்புகளிலும் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு சேர்க்கப்படுகிறது. பார்வைக்கு அது தெரியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். ரொட்டியும் லிப்டவுவர் என்னும் மிளகாய்த்தூள் கலந்த பாலாடைக்கட்டிக் கலவையும் பெரும்பாலும் பாதுகாப்பான தேர்வு.

மழையோ பனியோ பெய்யும் ஞாயிறுகளில், காலை பதினொரு மணிக்கு அகுஸ்டீனர் தேவாலயத்துக்குச் செல்லலாம். ஹைடன், மோட்சார்ட் முதலியோரின் இசையைப் பாடகர் குழுவும் இசைக்குழுவும் வழிபாட்டின் பகுதியாக அங்கே நிகழ்த்துகின்றன. கட்டணம் கிடையாது, ஆனால் அது வழிபாடு என்பதை மறந்து படம்பிடிப்பது முறையன்று. பிறகு ஒரு காப்பிக் கடையில் அமரலாம். அங்கே ஒரு மெலாஞ்ஜ் காப்பியுடன் கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் வரும். ஆல்ப்ஸ் மலையின் ஊற்றுகளிலிருந்து 1873 முதல் குழாய் வழியாக நகருக்கு வரும் நீர் அது. வீட்டுக் குழாயிலும் அதே நீர்தான் வருகிறது என்பதால் குடிநீர்ப் புட்டிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

வெளியூர் போக விரும்பினால் வியாழக்கிழமைக்குள் துணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய மாணவர்களில் பலர் வெள்ளி மதியமே பெட்டியுடன் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவதால் விடுதி வெறிச்சோடிவிடும். சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டி அழைக்கும் பழக்கம் இங்கே எடுபடாது. இருவர் முதல் ஐவர் வரை சேர்ந்து, உள்ளூர் ரயில்களில் ஒரு நாள் முழுதும் பயணம் செய்ய உதவும் ஐன்ஃபாக் ரௌஸ் என்ற குழுச்சீட்டு மிகச் சிக்கனமானது. அதைக் கொண்டு, 1854இல் கட்டி முடிக்கப்பட்டு இன்று யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றிருக்கும் செம்மரிங் மலை ரயில் பாதையைப் பார்த்துவரலாம். தண்டவாளத்தை ஒட்டியே நடைபாதையும் உண்டு. ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. எல்லையில் பொதுவாக யாரும் நிறுத்துவதில்லை என்றாலும், கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும், நகல் போதாது.

ஊருக்குப் போனவர்கள் ஞாயிறு மாலையில் அம்மா கட்டிக்கொடுத்த கேக்கும் ரொட்டியுமாக விடுதிக்குத் திரும்புவார்கள். பொதுச் சமையலறையில் அறிமுகமாகிப் பேச அதைவிட நல்ல நேரம் இல்லை என்பதால், நீங்களும் சாம்பாரோ எலுமிச்சை சாதமோ கொஞ்சம் கூடுதலாகவே செய்து வையுங்கள். கடுகு தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியையும் போட்டுவிடுங்கள். புகை உணர்கருவி ஒலித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டால், அதற்கான கட்டணத்தைச் சமைத்தவரிடமே வசூலிக்கும் விடுதிகள் உண்டு.