பல் மருத்துவமனையை இடம் மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது தரையும் தண்ணீரும்

சென்னைப் புறநகரில் ஒரே ஒரு சிகிச்சைச் சேருடன் மாடி அறையில் நடத்தி வந்த என் பல் கிளினிக்கை இரண்டு சேர் கொண்ட இடத்துக்கு மாற்றியபோது செய்த தவறுகளையும், அவற்றைத் திருத்தக் கற்றுக்கொண்ட முறைகளையும் இங்கே எழுதுகிறேன். புது இடம் தேடும் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் வாடகையையும் சாலை முகப்பையும்தான் முதலில் கேட்கிறார்கள். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது, குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்பாக, இடம் மாற வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த மூன்று மாத அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுத்து, எந்தெந்த நேரத்தில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று குறித்தால், நெரிசல் மாலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டுமே இருப்பது பல இடங்களில் தெரியவரும். அப்படியானால் தேவைப்படுவது இன்னொரு சேரே தவிர, இன்னொரு முகவரி அல்ல. ஒரு சேரில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு மருந்து வேலை செய்யக் காத்திருக்கும் நேரத்தில், அடுத்த சேரில் ஒருவரைப் பரிசோதித்துவிடலாம் என்பதால், ஒரே மருத்துவருக்கும் இரண்டாவது சேர் பயன்படும். பக்கத்து அறை கிடைத்து, அங்கே வடிகாலும் கொடுக்க முடியும் என்றால் இருக்கும் இடத்திலேயே விரிவாக்குவதுதான் செலவும் குறைந்தது, நோயாளிகளுக்கும் நல்லது.

மாறுவது என்றே முடிவானால், நோயாளிகளின் முகவரிகளை வைத்து இடத்தைத் தேடுங்கள். ஓராண்டுப் பதிவேட்டில் இருக்கும் முகவரிகளை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்பது ஒரு மாலைப் பொழுதில் விளங்கிவிடும். இதில் கிலோமீட்டர் கணக்கைவிடக் குறுக்கே என்ன இருக்கிறது என்பது முக்கியம். குரோம்பேட்டையில் ரயில் பாதைக்குக் கிழக்கே குடியிருக்கும் வயதான ஒருவருக்கு, ஜி.எஸ்.டி. சாலைக்கு மேற்கே அரைக் கிலோமீட்டரில் இருக்கும் கிளினிக்கைவிட, தன் பக்கத்திலேயே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பது எளிதாகப் படும். ஆற்காடு சாலை, பழைய மாமல்லபுரம் சாலை போன்ற இடங்களில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகத் தடுப்புகள் வைக்கப்பட்டபோது, முகப்புக்காகவே அதிக வாடகை கொடுத்த கடைகள் தகரத்துக்குப் பின்னால் மறைந்துபோனதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே நல்ல பேருந்து நிறுத்தத்துக்கு அருகில், முதன்மைச் சாலையிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே இருக்கும் தெருவை நான் விரும்புவேன். தரைத்தளமாகவோ, நம்பத்தக்க லிஃப்ட் உள்ள மாடியாகவோ இருக்கட்டும். பல்செட் போட வருபவர்களில் பலர் முழங்கால் வலியோடு வருகிறவர்கள்.

இனித் தரைக்கு வருவோம். ஒவ்வொரு டென்டல் சேருக்கும் தண்ணீர், வடிகால், அழுத்தக் காற்று, மின்சாரம் ஆகிய நான்கு இணைப்புகளும் சேரின் அடிப்பகுதியிலேயே வந்து சேர வேண்டும். சக்‌ஷன் (வாயில் சேரும் நீரை உறிஞ்சும் கருவி) எல்லாச் சேருக்கும் பொதுவாக ஓரிடத்தில் இருந்தால் அதற்கும் ஒரு குழாய் வேண்டும். தரைத்தளத்தில் தரையை வெட்டிக் குழாய்களைப் பதித்துவிடலாம். மாடியில் கான்கிரீட் தளத்தை வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. அங்கே சேர் நிற்கும் பகுதியை நான்கு முதல் ஆறு அங்குலம் உயர்த்தி மேடை கட்டி, அதற்குள் குழாய்களைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்த மேடையால் கூரையின் உயரம் குறையும்; நோயாளி தடுக்கி விழக்கூடிய ஒரு படியும் உருவாகும். மேடையை அறை முழுவதற்கும் கட்டிவிட்டு, வாசலில் சரிவு வைப்பதே இதற்குச் சரியான வழி. வடிகாலுக்கு ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத குழாயும், ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது சரிவும் இருக்க வேண்டும். சரிவு போதாத குழாயில் ரத்தமும் எச்சிலும் பல் தூளும் தேங்கி, ஆறே மாதத்தில் அறை முழுவதும் நாற்றம் வீசத் தொடங்கும். என் புதிய இடத்தில் குழாய் வேலை செய்தவர் சரிவைக் கவனிக்காமல் விட்டதால், டைல்ஸ் ஒட்டி நான்கு மாதம் ஆவதற்குள் அவற்றை உடைத்து எடுக்க நேர்ந்தது. சேர் வைக்க நினைக்கும் இடத்திலிருந்து வெளிவடிகால் எவ்வளவு தூரம் என்று, ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். அருகில் உள்ள கழிவுக் குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்றும் நின்று பாருங்கள். அச்சு வார்க்கும் பிளாஸ்டரைக் கழுவும் தொட்டிக்குத் தனியாக ஒரு வண்டல் பொறி அவசியம். குழாய்க்குள் இறுகிப்போன பிளாஸ்டரை மருந்து ஊற்றிக் கரைப்பது எளிதல்ல.

ஒரு சேருக்குப் பத்துக்குப் பத்தடி இடம் இருந்தால், மருத்துவரும் உதவியாளரும் இரு பக்கமும் முட்டிக்கொள்ளாமல் உட்காரலாம். இதைவிடக் குறைந்த அறையில் மூன்றாவது சேரைத் திணிப்பவர்கள் கருவிகளைச் சுத்தம் செய்யும் இடத்தைத்தான் பலிகொடுக்கிறார்கள். அழுக்குக் கருவி ஒரு பக்கம் நுழைந்து, கழுவி, உறையிட்டு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைக் கடந்து மறுபக்கம் வெளியேறும்படி ஒரே திசையில் ஓடும் மேடை வேண்டும். அந்த இடத்தை வரைபடத்தில் முதலில் குறித்துவிட்டுப் பிறகு சேர்களை வையுங்கள்.

தண்ணீரைப் பரிசோதிக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டுவது) போதும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். சென்னைப் புறநகர் ஆழ்குழாய்க் கிணறுகளில் இதைப் பல மடங்கு மிஞ்சிய தண்ணீர் வருவதுண்டு. அந்த உப்பு, பல்லைக் குடையும் ஏரோட்டாரின் நுண்துளைகளை அடைக்கும். ஆட்டோகிளேவுக்குள் வெள்ளையாகப் படியும். சேரில் தனிப் பாட்டில் பொருத்திச் சுத்திகரித்த நீரைப் பயன்படுத்தலாம், ஆட்டோகிளேவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றலாம் என்றாலும், அந்தச் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். வேண்டாத தண்ணீரைப் பற்றியும் விசாரியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகளில் தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறியது என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தொட்டே காட்டுவார். சேரின் மோட்டாரும் மின்பலகையும் அடிப்பகுதியில் இருப்பதால், முக்கால் அடித் தண்ணீரே அதைப் பாழாக்கப் போதும்.

அழுத்தக் காற்றைத் தரும் கம்ப்ரசரைக் காற்றோட்டமுள்ள பின்புறத்தில், மழை படாத கூரைக்குக் கீழ் வைக்க வேண்டும். எண்ணெய் இல்லாத வகையாக இருந்தாலும் அதன் அதிர்வு சுவர் வழியாகப் பரவும் என்பதால், மேல்வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது மரியாதை. நம் கடலோரக் காற்றின் ஈரம் கம்ப்ரசரின் தொட்டிக்குள் தண்ணீராகத் தேங்கும். ஒவ்வொரு நாள் இரவும் அடித்திருகைத் திறந்தால் துரு நிறத்தில் ஒரு குவளை நீர் பீறிட்டு வரும். அந்த நீர் போக அங்கே ஒரு வடிகால் துளை வேண்டும். ஏ.சி., கம்ப்ரசர், ஆட்டோகிளேவ் மூன்றும் ஒன்றாக ஓடும்போது தாங்கும் அளவுக்கு மும்முனை மின் இணைப்பு இருக்கிறதா என்று மின்வாரிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அனுமதிகள் எல்லாம் முகவரியோடு கட்டுண்டவை. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பெற்ற பதிவு, எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளத்தில் செய்த பதிவு, 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த அங்கீகாரம் ஆகிய மூன்றுக்கும் புதிய முகவரியுடன் விண்ணப்பிக்க வேண்டும். தாடை முழுவதையும் படமெடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே வைப்பதாக இருந்தால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். ஜிப்சம் தடுப்பை நம்பிக் கதிர்வீச்சுக் கருவியை வைக்க முடியாது. கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், சேகரிக்கும் வண்டி அந்தத் தெருவுக்கு வருகிறதா என்று கேட்பதும் இடத்தேர்வின் ஒரு பகுதியே.

வாடகை ஒப்பந்தத்தில் பதினொரு மாத வழக்கத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் அந்தச் செலவைத் தவிர்க்கவே பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். தரைக்கு அடியில் லட்சக்கணக்கில் பணத்தைப் புதைக்கும் நமக்கு அது பாதுகாப்புத் தராது. ஐந்தாண்டுக்காவது பதிவு செய்த ஒப்பந்தம் போட்டு, தரையை வெட்டவும் கம்ப்ரசரை வெளியே வைக்கவும் பெயர்ப்பலகை மாட்டவும் அனுமதி, ஆண்டு வாடகை உயர்வின் விகிதம், வேலை நடக்கும் இரண்டு மாதத்துக்கு வாடகை விலக்கு, அட்வான்ஸைத் திருப்பித் தரும் கெடு ஆகியவற்றை வரிவரியாக எழுதி வாங்குங்கள். கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி. வரிப் பதிவு பெற்றவர் என்றால் வணிக வாடகைமேல் 18 சதவீதம் சேரும். பல் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் அந்த வரியை நாம் உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற முடியாது. எனவே ஐம்பதாயிரம் வாடகை என்பது நமக்கு ஐம்பத்தொன்பதாயிரம். அந்தத் தொகையை நல்ல மாத வருமானத்தோடு ஒப்பிடாமல், ஐப்பசி கார்த்திகை மழையில் நோயாளிகள் குறையும் மாதத்து வருமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாறும் நாளுக்கு ஆறு வாரம் முன்பிருந்தே, பல முறை வர வேண்டிய புதிய சிகிச்சைகளைப் பழைய இடத்தில் தொடங்குவதைக் குறைத்துவிடுங்கள். வேர் சிகிச்சை பாதியில் நிற்பவர்கள், கம்பி போட்டிருக்கும் பிள்ளைகள், இம்பிளான்ட் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஆகியோரின் பட்டியலைத் தனியே எடுத்து, ஒவ்வொருவரையும் நீங்களே தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் செய்தி மற்றவர்களுக்குப் போதும். முகவரி மாற்றத்தை முறையாக அறிவிக்க நம் தொழில் நெறிமுறை இடம் தருகிறது. தள்ளுபடி, திறப்புவிழாச் சலுகை என்ற விளம்பரத்துக்கு அது இடம் தராது. தொலைபேசி எண்ணை மாற்றாதீர்கள். கூகுள் மேப்பில் புதிய பக்கம் தொடங்காமல், பழைய பக்கத்திலேயே முகவரியைத் திருத்துங்கள். சேரைக் கழற்றி மாட்டும் வேலையை அதை விற்ற நிறுவனத்தின் பொறியாளரிடமே விடுங்கள். குழாய்களில் இருக்கும் தண்ணீரை முழுவதும் வடித்த பிறகே அதை வண்டியில் ஏற்ற வேண்டும்.

புதிய இடத்தில் முதல் நோயாளியை உட்கார வைப்பதற்கு முந்தைய நாள், உதவியாளர்களோடு எல்லாவற்றையும் ஒரு முழு நாள் ஓட்டிப் பாருங்கள்: இரண்டு சேரிலும் ஏரோட்டார் ஒரே நேரத்தில் ஓடும்போது காற்றழுத்தம் இறங்குகிறதா, மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் விளக்கு எரிகிறதா, ஆட்டோகிளேவ் முழுச் சுற்றை முடிக்கிறதா என்று. பழைய வாசலில், புதிய முகவரியும் வழிப்படமும் எழுதிய பலகையை உரிமையாளரின் சம்மதத்தோடு ஆறு மாதமாவது வைத்திருங்கள். பல்செட்டைச் சரிசெய்ய ஆண்டுக்கொருமுறை மட்டும் வரும் பெரியவர், அந்தப் பலகையைப் பார்த்துத்தான் உங்களைக் கண்டுபிடிப்பார். எழுத்து மழையில் அழியாததாக இருக்கட்டும்.