தொட்டிக்குள் கேபிள் சுற்றும் முறை

கடலடித் தந்திக் கேபிள் போட்ட நீராவிக் கப்பல்களில் மிகுந்த பொறுமை கேட்ட வேலை, கேபிளைச் சுற்றி வைக்கும் பெரிய வட்டத் தொட்டிக்குள்தான். நடுக்கடலில் வரும் பல சிக்கல்கள் கரையோரம் கேபிள் ஏற்றும்போதே தொடங்கிவிடுகின்றன.

முதலில் கேபிளின் அடிமுனையைச் சுவரோரமாக மேலேற்றிக் கட்டுங்கள். மின்சோதனைக்கும், அடுத்த தொட்டியின் கேபிளோடு ஒட்டுப் போடவும் அது வேண்டும். பிறகு சுவரை ஒட்டி, கடிகார முள் போகும் திசையில் சுற்றத் தொடங்குங்கள். ஒருவர் கேபிளோடு சுற்றி நடக்க, மற்றவர்கள் குந்தியபடி ஒவ்வொரு சுற்றையும் முந்தையதோடு நெருக்கி அமர்த்த வேண்டும். தொட்டியின் நடுவில் நிற்கும் கூம்பைத் தொட்டதும் ஓர் அடுக்கு முடிந்தது. அங்கிருந்து குறுக்கே சுவருக்குக் கொண்டுபோய் அடுத்த அடுக்கைத் தொடங்குங்கள். குறுக்கே போகும் அந்தத் துண்டின் இருபுறமும் மரச் சட்டம் வைக்காவிட்டால், மேலடுக்குகளின் எடை முழுதும் அதன்மேல் விழுந்து நசுக்கும்.

சுவரிலிருந்து உள்ளே சுற்றுவதற்குக் காரணம் உண்டு. கேபிளைக் கடலில் இறக்கும்போது கூம்பருகே உள்ள சுற்று முதலில் எழும். வேறு சுற்றுகளின்மேல் உரசாது. சுற்றும்போது ஏறிய முறுக்கும் தானாகக் கழன்றுவிடும். கூம்பு இல்லையென்றால் தளர்ந்த வளையம் நடுவில் விழுந்து முடிச்சாகிவிடும்.

அடுக்குக்கு அடுக்கு சுண்ணாம்பு நீர் பூசுங்கள். ஒட்டிக்கொண்டால் எழும் சுற்று கீழுள்ளதையும் இழுத்து வரும். 1866 ஜூலையில், அட்லாண்டிக் கேபிளைப் போட்ட 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலில் இப்படி ஒரு சிக்கல் நேர்ந்தது. நள்ளிரவில் கப்பலை நிறுத்தி, பெருஞ்சிக்கலைக் கையாலேயே பிரித்தார்கள்.

தொட்டியில் எப்போதும் நீர் நிற்கட்டும். உள்ளே செம்புக் கம்பியைக் காப்பது கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பிசின். வெப்பத்தில் அது இளகும், காற்றுப்பட்டால் கெடும். 1870இல் போட்ட பம்பாய்–ஏடன் கேபிளுக்காக அதே கப்பலுக்கு வெள்ளை பூசியதும் வெப்பத்துக்கு அஞ்சித்தான்.

சட்டைப் பையில் ஆணி, கத்தி எதுவும் கூடாது. அதே கப்பலின் 1865 அட்லாண்டிக் பயணத்தில் இரும்புக் கம்பித் துண்டு கட்டாபெர்ச்சாவைத் துளைத்திருந்தது. சதி என்றே முதலில் சந்தேகித்தார்கள். உண்மையில், கேபிளின் வெளிப்புறத்தைச் சுற்றியிருந்த, உடையும் தன்மையுள்ள கவசக் கம்பியே முறிந்து உள்ளே குத்தியிருந்தது. ஆனாலும் 1866இல் தொட்டி ஆட்களுக்குப் பையில்லாத, முதுகுப்பக்கம் பூட்டும் கித்தான் உடை தந்தார்கள்.

இறக்கும்போது கண் கேபிளைவிட்டு விலகக் கூடாது. முறிந்த கம்பி முனை துருத்தினால் உடனே குரல் கொடுங்கள். அது பின்தளத்தைத் தாண்டிவிட்டால் கேபிளை முன்தளத்துக்கு மாற்றித்தான் திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். 1865 ஆகஸ்ட் 2 அன்று அட்லாண்டிக்கில் கேபிள் அறுந்தது அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான்.