பாலக்காட்டு எல்லையில் கணிதப் பட்டப்படிப்பு: சேர்க்கை, அசைன்மெண்ட், தேர்வு விதிகளைக் கையாளும் முறை

வாளையார், வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர், பிளஸ் டூ முடித்ததும் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போகாமல், சித்தூர் அரசுக் கல்லூரியிலோ பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலோ சேர்கிறார்கள். இரண்டும் காலிகட் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 2024 முதல் அங்கு நடைமுறையில் இருப்பது நான்காண்டுப் பட்டப்படிப்பு. மூன்றாண்டுகளில் 133 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) பெற்றுப் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டும் படித்து 177 கிரெடிட் பெற்றால் ஆனர்ஸ். கணிதத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுப்பவர் தெரிந்திருக்க வேண்டிய விதிகளையும், அவற்றைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தும் வழிகளையும் கீழே சொல்கிறேன்.

சேர்க்கையில் எல்லைப்புறத்தாருக்கு முதல் சிக்கல் பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னாலும், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னாலும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். பெற்ற கிரெடிட்டுகளைப் பதிந்து வைக்கும் இணையச் சேமிப்பான கிரெடிட் வங்கியில் கணக்குத் தொடங்கும்போது இந்த வேறுபாடு தொல்லை கொடுக்கும். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். இட ஒதுக்கீடு கோருவோர், தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் கேரளத்தின் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்பதை நினைவில் வைத்து, வில்லேஜ் ஆபீஸில் உரிய சான்றிதழுக்கு அக்ஷயா மையம் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அலாட்மெண்டில், அதாவது பல்கலைக்கழகம் சுற்றுச் சுற்றாக இடம் ஒதுக்குவதில், நீங்கள் கொடுக்கும் கல்லூரி விருப்ப வரிசைதான் எல்லாம். கிடைத்த இடமே போதும் என்றால் அதற்கு மேலுள்ள விருப்பங்களை உடனே ரத்து செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் அடுத்த சுற்றில் மேல் விருப்பம் கிடைத்து, கையில் இருந்த இடம் தானாகப் போய்விடும். வீட்டிலிருந்து பஸ் வசதியில்லாத கல்லூரியைப் பெயருக்காக வரிசையில் மேலே வைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சேர்ந்த பிறகு வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நான்கு கிரெடிட் தியரி பாடம் ஒன்றுக்கு 60 மணி நேர வகுப்பு உண்டு. அதில் 48 மணி பாடத்திட்டம் வரையறுத்த நான்கு மாட்யூல்களுக்கும் (பாடப் பகுதிகளுக்கும்), 12 மணி ஆசிரியரே வடிவமைக்கும் திறந்தநிலை மாட்யூலுக்கும் உரியவை. நூறு மதிப்பெண்ணில் 30 இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்), 70 பல்கலைக்கழகத் தேர்வு. இன்டர்னல் முப்பதில் நான்கு மாட்யூல்களுக்கு 20 (டெஸ்ட் 10, செமினார் அல்லது வைவா எனும் வாய்மொழித் தேர்வு 6, அசைன்மெண்ட் 4), திறந்தநிலை மாட்யூலுக்கு 10 (அதே வரிசையில் 4, 4, 2) என்று பிரித்திருக்கிறார்கள். ஆக, அசைன்மெண்டுக்கு நேரடியாகக் கிடைப்பது ஆறே மதிப்பெண். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அசைன்மெண்டைக் கடைசி நாள் இரவு நண்பரின் நோட்டிலிருந்து எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்கள் இழப்பது அந்த ஆறையல்ல, எழுபதில் ஒரு பங்கை.

காரணம், தேர்வில் மதிப்பெண் விழுவது விடைக்கு மட்டுமல்ல, படிகளுக்கும்தான். ரோலின் தேற்றத்தைச் (சில நிபந்தனைகள் நிறைவேறினால், சார்பின் வகைக்கெழு பூச்சியமாகும் புள்ளி ஒன்றாவது இடைவெளிக்குள் உண்டு என்பது) சரிபார்க்கச் சொல்லும் எளிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் உடனே வகைக்கெழுவைக் கண்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்தி, ஒரு புள்ளியைக் காட்டி முடித்துவிடுவார்கள். சார்பு மூடிய இடைவெளியில் தொடர்ச்சியானது, திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கது, இரு முனைகளிலும் சம மதிப்புடையது என்ற மூன்று நிபந்தனைகளைக் காரணத்தோடு எழுதாத விடை, புள்ளி சரியாக இருந்தாலும் குறைவான விடையே. மட்டு மதிப்புச் சார்பை, அதாவது |x| ஐ, எதிர்ம ஒன்றிலிருந்து ஒன்று வரை பாருங்கள்: தொடர்ச்சி உண்டு, முனைகளில் மதிப்பும் சமம், ஆனால் பூச்சியத்தில் வகையிட முடியாது, தேற்றம் சொல்லும் புள்ளியும் அங்கே கிடைப்பதில்லை. நிபந்தனை ஏன் தேவை என்பதை இப்படி ஒரு எதிர்க்காட்டோடு எழுதிப் பார்க்கும் பழக்கம் அசைன்மெண்டில்தான் வரும். நண்பர்களோடு கூடிப் பேசி வழியைக் கண்டுபிடிப்பதில் தவறில்லை. ஆனால் நோட்டை மூடிவிட்டு, தனியே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து நீங்களே எழுத வேண்டும். செல்போனில் செயலியிடம் கேட்டு வாங்கிய விடைக்கும் இதே விதிதான். வைவாவில் இரண்டாம் வரிக்குக் காரணம் கேட்டால் செயலி பதில் சொல்ல வராது. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் வரும் என்பதால், அசைன்மெண்டுகளை முதல் செமஸ்டரிலிருந்தே ஆங்கில வாக்கியங்களில் எழுதிப் பழகுவது நல்லது. தாமதமாகக் கொடுப்பதை ஏற்பதும் மறுப்பதும் ஆசிரியரைப் பொறுத்தது; முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் மதிப்பெண் பட்டியல் துறையில் காட்டப்படும்போதே சரிபாருங்கள்; பல்கலைக்கழகத்துக்குப் போன பின் திருத்துவது கடினம்.

பல்கலைக்கழகத் தேர்வு இரண்டு மணி நேரம். முதல் பிரிவில் 3 மதிப்பெண் கேள்விகள் பத்து, உச்சவரம்பு 24. இரண்டாம் பிரிவில் 6 மதிப்பெண் கேள்விகள் எட்டு, உச்சவரம்பு 36. மூன்றாம் பிரிவில் இரண்டில் ஒன்று, 10 மதிப்பெண். மாணவர்கள் ‘சீலிங்’ என்று சொல்லும் இந்த வரம்பின் பொருள், எத்தனை கேள்வியை வேண்டுமானாலும் எழுதலாம், கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால் மிகுதி கணக்கில் வராது என்பதே. எல்லாவற்றையும் எழுதினால் 88 மதிப்பெண் அளவுக்கு 120 நிமிடங்களில் எழுத வேண்டும். அது கணிதத்தில் எளிதன்று. என் யோசனை இது: முதல் பிரிவில் நன்றாகத் தெரிந்த எட்டை முதலில் முழுதாக முடியுங்கள், இரண்டாம் பிரிவில் அப்படியே ஆறை. இவை பிழையின்றி இருந்தால் அந்த இரு வரம்புகளும் நிறைந்துவிடும். அதன்பின் பத்து மதிப்பெண் கேள்வியை எழுதிவிட்டு, மீந்த நேரத்தில் ஐயமுள்ள பிரிவில் கூடுதலாக ஒன்றிரண்டை எழுதுங்கள். பாதி செய்த கணக்குக்கும் படிகளுக்கான மதிப்பெண் கிடைத்து, வேறெங்கோ விட்டதை ஈடுகட்டும். முதல் பிரிவுக்கு 35, இரண்டாவதற்கு 50, மூன்றாவதற்கு 15 நிமிடம் என்று வைத்தால் 20 நிமிடம் மிஞ்சும்.

முடிவு வந்தபின் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களும் இதே வரம்பைக் கவனிக்க வேண்டும். கெடு தேதிக்குள் விடைத்தாளின் நகலைப் பெற்று, பிரிவு வாரியாகக் கூட்டிப் பாருங்கள். முதல் பிரிவில் ஏற்கெனவே 24 நிறைந்திருந்தால், அங்கே ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள் என்று நிரூபித்தாலும் மொத்தம் அசையாது. வரம்புக்குக் கீழே இடம் இருக்கும் பிரிவில் குறை தெரிந்தால் மட்டும் கட்டணத்தைக் கட்டுங்கள்.