கோடை பைக் பயணத்தில் குளிர்ச்சிக்கு: நனைத்த டீ-ஷர்ட்

பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் பருத்தி டீ-ஷர்ட்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து உடுத்துங்கள். மேலே ஜாக்கெட்டை மாட்டி, கை ஜிப்பை மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். வெக்கையில் ஜாக்கெட்டைக் கழற்றத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் காற்றே 40 டிகிரியைத் தாண்டியிருந்தால் அது உடம்பைச் சூடாக்கும், வியர்வையும் நொடியில் காய்ந்துவிடும். மூடிய ஜாக்கெட்டுக்குள் ஈரம் நிதானமாகக் காயும்.

பின்னால் உட்காரும் நண்பருக்கு நெஞ்சில் காற்றுப் படாது. அவருக்குக் கையும் தோளும் நன்றாக நனைந்தால் போதும். போனையும் பர்ஸையும் முதலில் பிளாஸ்டிக் கவரில் போட்டுவிடுங்கள்.

பெங்களூரிலிருந்து அனந்தபூர், கர்னூல் வழியாக ஹைதராபாத் போகிற மாதிரி வறண்ட வெயிலுக்குத்தான் இது சரி. கிழக்குக் கடற்கரைச் சாலையின் புழுக்கத்தில் ஈரம் காயவே காயாது, கசகசப்புதான் மிச்சம். காற்றுப் புகாத ரெயின்கோட்டுக்குள்ளும் அப்படியே. மலையேறும் முன் உலர்ந்த சட்டைக்கு மாறிவிடுங்கள். தண்ணீர் குடிப்பதை மட்டும் குறைக்காதீர்கள். உடம்பு ஜில்லென்று இருந்தால் தாகம் தெரியாது.